காசிமேட்டு ஆமைங்க: லாஞ்சுக்காரங்கள எதிரி ஆக்காம எப்டி காப்பாத்துறது?

தண்டையார்பேட்டைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிகினு மட்டும்தான் இருந்தேன், இன்னிக்கி மனசு தாங்காம எழுதுறேன். ஞாயித்துக்கெழம காலைல அஞ்சரைக்கு எங்க ஏரியா பசங்க நாலு பேரோட திருவொற்றியூர் கடலோரமா நடந்தோம். கருங்கல்லு கொட்டின எடம் தாண்டி கொஞ்சூண்டு மணல் இருக்கும்ல, அங்க ஒரு பங்குனி ஆமை செத்து ஒதுங்கி கெடந்துச்சி. கண்ணு பிதுங்கி கழுத்து வீங்கி போயிருக்கு, ஆனா ஓட்டுல ஒரு கீறல் இல்ல. லாஞ்சோட (விசைப்படகு) மடில, அதான் இழுவை வலைல, மாட்டி மூச்சு முட்டி செத்திருக்கும்னு பசங்க சொன்னாங்க. பின்னங்கால் பக்கம் மணல்ல ரெண்டு முட்டை, பிங்பாங் பந்து சைஸுல, இன்னும் ஈரம் காயல. முட்டை வுட வந்தது கரை ஏறவே இல்ல. நான் அப்டியே குந்திட்டேன், கூட வந்த பையன் ஒருத்தன் சட்டைய கழட்டி அது மேல போத்துனான்.

2025 ஜனவரில நம்ம கரை பூரா நூத்துக்கணக்குல ஒதுங்குனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், பசுமைத் தீர்ப்பாயமே தானா கேஸ் எடுத்துச்சி.

இப்ப விஷயத்துக்கு வரேன். அன்னிக்கி நைட்டே எங்க வாட்சப் குரூப்ல பேச்சு வேற மாதிரி போயிடுச்சி. காசிமேடு மீன்பிடி ஹார்பருக்குள்ள போயி காய வெச்சிருக்கற மடிய எல்லாம் அறுத்து வுடலாம், லாஞ்சு மேல செவப்பு பெயிண்டுல கொலகாரன்னு எழுதலாம், டிரைவருங்க மூஞ்ச வீடியோ எடுத்து போடலாம்னு. நான் வேணாம்னேன், உனுக்கு பயம்னு சொல்லிட்டாங்க. எங்க ஆயா அதே காசிமேட்டுல ஏலம் எடுத்து கூடைல மீன் வித்தவங்க, அந்த துட்டுலதான் எங்கம்மா படிச்சாங்க. அந்த ஜனத்த கொலகாரன்னு எழுத என் கை வராது. அதுக்காக ஆமை சாவுறத பாத்துகினு சும்மாவும் இருக்க முடியல. அடிக்காம ஒடைக்காம அசிங்கப்படுத்தாம இத செய்ய வழி இருக்கா? மெய்யாலுமே கேக்குறேன்.

நேரடி_நடவடிக்கை:

அந்த குரூப்ல பேசுன ஆளு நாந்தான், அதனால நானே பதில் சொல்றேன். தோழர், உங்க மனசு எனக்கு புரியுது, ஆனா மனு குடுத்து மனு குடுத்து என்ன கெடச்சிது? முட்டை போடுற சீசன்ல கரைலேர்ந்து 5 கடல் மைலுக்குள்ள விசைப்படகு இழுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு, இழுக்கறாங்களா இல்லையா? ஆமை 1972 வனவிலங்கு சட்டத்துல முதல் பட்டியல்ல இருக்கு, புலிக்கு சமம், யாரு உள்ள போனாங்க? ஊர் மிருகத்துக்கு இருக்கற 1960 வதைத் தடுப்புச் சட்டத்துல மொத தடவ தப்பு பண்ணா அபராதம் 10 ரூபாலேர்ந்து 50 ரூபா, ஒரு டீ வடை காசு. 1976ல இங்கிலாந்துல விலங்கு விடுதலைப் படைன்னு ஆரம்பிச்சவங்க லேப் கதவ ஒடைச்சி உள்ள இருந்தத வெளிய எடுத்தாங்க, மனுஷன தொடக் கூடாதுங்கறது அவங்க விதி. வலை ஒரு பொருள், பொருள அறுக்கறது வன்முறை இல்ல. உயிர் போறதுதான் வன்முறை.

லாஞ்சு_தம்பி:

வலை ஒரு பொருள்னு சொன்ன அண்ணனுக்கு. நான் ஆறு வருஷமா லாஞ்சுல போறேன். நீங்க அறுக்கறீங்கன்னு வெச்சிக்குவோம், ஓனருக்கு ஒரு வாரம் பேஜாரு, அவ்ளோதான். ஆனா அந்த வாரம் போட்டு போவாது, போட்டு போவலன்னா எங்க எட்டு பேருக்கும் பங்கு கெடையாது, பங்கு இல்லன்னா வட்டிக்காரன் வீட்டாண்ட வந்து நிப்பான். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரிக்கும் 61 நாளு தடைக்காலம், அதுக்கும் சேத்துதான் இப்பவே சம்பாரிக்கணும். நீங்க அறுக்கறது எங்க வவுத்த.

இன்னொன்னு, ஆமைய யாரும் புடிக்கணும்னு புடிக்கல. ராத்திரி மடி வுட்டா மூணு மணி நேரம் நாலு மணி நேரம் இழுப்போம். வின்ச்சு சுத்தி மடிய மேல தூக்கி அடிக் கயித்த அவுத்தா எறா, சங்கரா, காரப்பொடி, கழிசல் எல்லாம் டெக்குல கொட்டும், அதுக்கு நடுவுல தொப்புனு ஒரு ஆமை வுழும், அம்பது கிலோவுக்கு கிட்ட இருக்கும், அடில மாட்டுன எறா பூரா நசுங்கி போயிடும். அது வந்தா எங்களுக்கு நஷ்டந்தான். அசையாம கெடக்கும், செத்துச்சின்னு ரெண்டு பேரு தூக்கி கடல்ல போட்டுடுவோம். பெரியவங்க யாராச்சும் கைய எடுத்து கும்புடுவாங்க, எங்க டிரைவரு எப்பவும் கும்புடுவாரு. அவரு மூஞ்சதான் வீடியோ எடுக்கப் போறீங்களா?

கால்நடை_மாணவி:

லாஞ்சு தம்பி, ஒரு விஷயம் ரொம்ப முக்கியம், தயவு செஞ்சு கவனமா படிங்க. நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரில படிக்கறேன். அசையாம கெடக்கறது எல்லாம் செத்த ஆமை இல்ல!! ஆமைக்கு நம்மள மாதிரி நுரையீரல்தான், மூச்சு வாங்க மேல வந்தே ஆகணும், வலைக்குள்ள மூணு மணி நேரம் அடைஞ்சா தண்ணி குடிச்சி மயக்கமாயிடும். அந்த மயக்கத்துல கடல்ல போட்டா அப்பதான் மூழ்கி சாவும். நீங்க கும்புட்டு வுடுற ஆமைங்கள்ல சிலது அப்ப உயிரோட இருந்திருக்கலாம்.

செய்ய வேண்டியது ஒண்ணும் பெரிய வேல இல்ல. மல்லாக்க போடாதீங்க, வயிறு கீழ இருக்கற மாதிரி குப்புற வைங்க. பின் பக்கத்த ஒரு அரை அடி தூக்கி வைங்க, கயித்து சுருளோ கட்டையோ எதையாச்சும் அடில குடுத்தா போதும், நுரையீரல்ல இருக்கற தண்ணி தானா வெளிய வரும். வெயில் படாம ஈரச் சாக்கு போத்துங்க, மூக்க மூடிடாதீங்க. நாலு மணி நேரம் ஆகலாம், ஒரு நாள் கூட ஆகலாம். தலைய தூக்கி தானா நகர ஆரம்பிச்சதும் இன்ஜின நியூட்ரல்ல வெச்சிட்டு பின் பக்கமா மெதுவா எறக்கி வுடுங்க.

நேரடி நடவடிக்கை அண்ணாவுக்கும் ஒண்ணு. இங்கிலாந்து கதைய சொன்னீங்க, 1998 ஆகஸ்ட்ல அங்க ஹாம்ப்ஷயர்ல ஒரு மிங்க் பண்ணைல வேலிய அறுத்து சுமார் 6000 மிங்க வெளிய வுட்டாங்களே, அது என்னாச்சி? அந்த ஊருக்கு சொந்தம் இல்லாத பிராணி, பசில சுத்துப்பட்டு கோழி பறவைன்னு அடிச்சிது, பலத சுட்டாங்க, சிலது ரோட்டுல அடிபட்டுச்சி. கதவ ஒடைக்கறது ஒரு நிமிஷம், அதுக்கப்றம் அந்த உயிருங்களுக்கு யாரு பொறுப்பு?

பெரம்பூர்_யூனியன்காரர்:

பாப்பா நல்லா சொன்னே. நான் மில்லுல இருந்து ரிட்டையர் ஆனவன், எங்க ஊரு மில்லு தொழிலாளிங்க 1918லயே சங்கம் கட்டுனவங்க, அதனால சண்டை எனக்கு புதுசு இல்ல. சண்டையே வேணாம்னு சொல்ல வரல. யாருகிட்ட என்ன கேக்கறோம், அவனால குடுக்க முடியுமா, குடுத்துட்டு அவன் தலை நிமுந்து வெளிய போக வழி வெச்சிருக்கமா, இந்த மூணும் தெரியாம கேட்டுல போயி நிக்கக் கூடாது.

ஹென்றி ஸ்பைரான்னு ஒரு அமெரிக்காக்காரர். கப்பல்ல கூலியா இருந்தவரு, கார் கம்பெனில வேல பாத்தவரு, யூனியன் ஆளு, அப்றம் ஸ்கூல் வாத்தியாரு. 1976ல நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல பூனைங்கள அறுத்து சோதனை பண்றாங்கன்னு தெரிஞ்சி வாரா வாரம் வாசல்ல போயி நின்னாரு, ஒரு கண்ணாடி கூட ஒடையல, அடுத்த வருஷம் அந்த சோதனை நின்னு போச்சி. அப்றம் ரெவ்லான் கம்பெனி. அழகு சாதனம் செய்ய மொசலு கண்ணுல கெமிக்கல் வுட்டு பாப்பாங்க. இவரு எடுத்தவொடனே திட்டல, வேற மொறை கண்டுபுடிக்க துளியூண்டு பணம் ஒதுக்குங்கன்னு ரொம்ப நாளு பேசிப் பாத்தாரு, மதிக்கல. அதுக்கப்றம்தான் 1980 ஏப்ரல்ல பேப்பர்ல முழுப் பக்க விளம்பரம், அழகுக்காக எத்தினி மொசல குருடாக்குறீங்கன்னு. அந்த வருஷக் கடைசிக்குள்ள அதே கம்பெனி ஏழரை லட்சம் டாலர் ஆராய்ச்சிக்கு குடுத்துச்சி. குடுத்தவொடனே இவரு போயி பாராட்டுனாரு, அத பாத்து மத்த கம்பெனியும் பணத்த எடுத்து வெச்சாங்க. நம்ம நாட்டுல 2014லேர்ந்து அழகு சாதனத்துக்கு மிருகத்து மேல சோதனையே கூடாது.

லாஞ்சு டிரைவர நீ கொலகாரன்னு எழுதிட்டா அவன் ஆமைய காப்பாத்துனா கூட உன்கிட்ட சொல்ல மாட்டான்.

புளியந்தோப்பு_பையன்:

எல்லாம் சரி, ஆனா நான் ஒண்ணு ஒடைச்சி பேசிடறேன். எங்க குடும்பம் மூணு தலமொறையா கறிக்கடை. விலங்கு உரிமைன்னு பேசிகினு வர்ற ஆளுங்கள பாத்தா எங்க தெருவுல பயம். ஏன்னா 2015ல உ.பி. தாத்ரில ஃபிரிட்ஜுல இருந்த கறிக்காக ஒரு மனுஷன அடிச்சே கொன்னாங்க. அதையும் உயிர் மேல இருக்கற பாசம்னுதான் சொன்னாங்க. நம்ம ஊர்லயே 2003ல கோயில்ல கெடா வெட்டக் கூடாதுன்னு 1950 சட்டத்த தூசி தட்டி எடுத்து போலீஸ வெச்சி அமல்படுத்துனாங்க, ஜனங்க கொதிச்சி போயி அடுத்த வருஷமே சட்டத்தையே வாபஸ் வாங்க வேண்டியதாச்சி. முன்னாடி கொறஞ்சபட்சம் ஏட்டுல ஒரு சட்டம் இருந்துச்சி, அதுவும் போச்சி. யாராச்சும் ஒருத்தராவது குலசாமி கும்புடுற ஆயாகிட்ட போயி பக்கத்துல ஒக்காந்து பேசுனாங்களா? ஆமை முடிச்சிட்டு அடுத்து எங்க கடைக்கி வருவீங்களா, அத சொல்லுங்க மொதல்ல.

தண்டையார்பேட்டைக்காரி:

தம்பி, நீங்க கேட்டது நியாயம். நான் கறி சாப்டுறத வுட்டு அஞ்சு வருஷம் ஆகுது, எங்க வூட்ல இன்னிக்கும் ஞாயித்துக்கெழம கறி வேகுது, நான் ரசம் ஊத்தி சாப்டுவேன், எங்கம்மா தட்ட பாத்து ஒரு வார்த்த சொன்னதில்ல. உங்க கடைக்கி நான் வந்தா ரெண்டு விஷயந்தான் கேப்பேன். ஆட்ட ஏத்திகினு வர்ற வண்டில கால கட்டி ஒண்ணு மேல ஒண்ணு போடாம கொண்டாற முடியுமா, வெட்டுறதுக்கு முன்னாடி அதுக்கு தண்ணி கெடைக்குதா. நீங்க முடியாதுன்னா ஏன் முடியலன்னு கேப்பேன். சாதி மதம் பாத்து ஒரு சாப்பாட்ட மட்டும் அடிக்கறவங்க கூட நான் ஒரு நாளும் நிக்க மாட்டேன்.

புளியந்தோப்பு_பையன்:

தண்ணி கேள்விக்கு எங்க வாப்பா கூட உங்க பக்கந்தான் நிப்பாரு அக்கா. தாகத்தோட அறுக்கக் கூடாது, இன்னொரு ஆடு பாக்க அறுக்கக் கூடாது, அது முன்னாடி கத்திய தீட்டக் கூடாதுன்னு சின்ன வயசுலேர்ந்தே எங்களுக்கு சொல்லித் தருவாங்க. எல்லா எடத்துலயும் நடக்குதான்னா இல்ல. அத நாங்களே பேசணும்.

வியாசர்பாடி_அக்கா:

நான் பதினோரு வருஷமா எங்க தெரு நாய்ங்களுக்கு சோறு வெக்கறவ. மொதல்ல நானும் சண்டக்காரிதான். கல்லு எறிஞ்ச ஒரு அண்ணன வீடியோ எடுத்து போட்டேன், ஆயிரம் பேரு அவர திட்டுனாங்க, எனக்கு ஜோரா இருந்துச்சி. மூணாவது நாளு நான் வளத்த கருப்பி வாயில நொரை தள்ளி குழாயடில கெடந்தா. யாரு வெச்சாங்கன்னு இன்னிக்கி வரிக்கும் தெரியாது. நான் போட்ட வீடியோ அவள காப்பாத்தல, அது மட்டும் தெரியும்.

அப்றம் பல மாசம் கழிச்சி அந்த அண்ணன் வூட்டுக்கே போனேன். அவரு பொண்ண சின்னதுல நாய் கடிச்சி ஊசி போட அலைஞ்சிருக்காரு, எனக்கு அதுவே தெரியாது. சாரி சொன்னேன். அப்றம் 1913க்கு ஃபோன் பண்ணி மாநகராட்சி வண்டிய வரவெச்சி புளியந்தோப்பு சென்டருக்கு எல்லாத்தையும் அனுப்பி கருத்தடையும் வெறிநாய் ஊசியும் போட்டு அதே தெருவுலயே கொண்டாந்து வுட வெச்சோம். பேட்டரி லைட்டு புடிச்சிகினு நின்னது அந்த அண்ணந்தான். சோறு வெக்கற எடத்த ஸ்கூல் வாசல்லேர்ந்து மாத்தி ரயில்வே காம்பவுண்டு ஓரமா வெச்சேன், சாப்ட எடத்த நானே பெருக்கிடுவேன். கடிச்சா சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கி போவணும்னு எங்க தெரு புள்ளைங்களுக்கு எல்லாம் தெரியும். 2025 ஆகஸ்ட்ல டெல்லி நாய்ங்கள பத்தி சுப்ரீம் கோர்ட்டு ஆர்டர் வந்தப்ப மத்த தெருவுல எல்லாம் நாய புடிச்சிகினு போங்கன்னு பேச்சு, எங்க தெருவுல அந்த பேச்சே வரல.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. மாநகராட்சி அப்ப நாய்ங்கள கரண்டு வெச்சி கொன்னுகினு இருந்தாங்க. 1964லேர்ந்து புளூ கிராஸ்காரங்க கொல்லாதீங்க, கருத்தடை பண்ணலாம்னு கேட்டுகினே இருந்தாங்க, 1996 வாக்குலதான் அத ஏத்துகினாங்க.

நேரடி_நடவடிக்கை:

அக்கா, கருப்பி விஷயம் படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியல. ஆனா அந்த 32 வருஷம், அதுக்குள்ள எத்தனை நாய் செத்திருக்கும்? பொறுமையா இருங்கன்னு நாம சொல்றப்ப சாவுறது நாம இல்லையே. இதுக்கு யாராச்சும் பதில் சொல்லுங்க.

வியாசர்பாடி_அக்கா:

அதுக்கு என்கிட்ட பதில் இல்லடா தம்பி. நானும் ராத்திரில அதத்தான் நெனைப்பேன். ஆனா கருத்தடை வந்தப்றம்தான் நாய் வண்டிய பாத்தா ஜனங்க நாய்ங்கள ஒளிச்சி வெக்கறது நின்னுச்சி.

கால்நடை_மாணவி:

ஆமைக்கு 32 வருஷம் வேணாம், கருவி ஏற்கனவே இருக்கு. டெட்னு (TED) சொல்லுவாங்க, ஆமை தப்பிக்கற கருவி, மடியோட கடைசிப் பைக்கு முன்னாடி சாய்வா வெக்கற ஒரு கம்பிக் கிராதி. எறா கம்பி சந்துல பூந்து போயிடும், ஆமை கம்பில முட்டி சறுக்கி பக்கத்துல இருக்கற தொறப்பு வழியா வெளிய போயிடும். இதுக்கு முன்னோடிய செஞ்சது யாரு தெரியுமா? சிங்கி பூன்னு அமெரிக்காவுல ஜார்ஜியா மாகாணத்து எறா மீனவர். ஆமைக்காக கூட இல்ல, சொறி மீன் வந்து வலைய அடைக்குதுன்னு கடுப்புல வெல்டிங் வெச்சி செஞ்சாரு. நம்ம நாட்டுக்கு ஏத்த மாதிரி கொச்சில இருக்கற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஒண்ணு பண்ணிருக்கு.

லாஞ்சு_தம்பி:

அத பாத்திருக்கேன், ஒரு தடவ குடுத்தாங்க. எறா பாதி வெளிய போவுதுன்னு கழட்டி மூலைல போட்டுட்டாங்க. எங்க போட்டுல வெச்சி நாலு இழுப்பு கூட வந்து பாருங்க, எவ்ளோ போவுதுன்னு எடை போட்டு காமிங்க, அப்ப டிரைவரு கேப்பாரு. ஆபீசுல ஒக்காந்து சொன்னா கேக்க மாட்டாரு. ஆமாம், அமெரிக்கா நம்ம கடல் எறாவ வாங்க மாட்டேன்னு 2019ல நிறுத்துனது இதனாலதானா?

கால்நடை_மாணவி:

ஆமா தம்பி, இதேதான். வளப்பு எறா போவுது, கடல்ல புடிச்சது போவாது. உங்க டிரைவருக்கு அந்த கணக்க சொல்லுங்க.

பெரம்பூர்_யூனியன்காரர்:

குஜராத்ல நடந்தத சொல்றேன். திமிங்கலச் சுறா, நம்ம பக்கம் அம்மணி உழுவைன்னு சொல்றது, அத அங்க கொக்கி போட்டு நூத்துக்கணக்குல கொன்னாங்க, ஈரல் எண்ணெய எடுத்து படகுக்கு பூசுவாங்க. 2001ல சட்டம் வந்துச்சி, சட்டம் மட்டும் வேல செய்யல. 2004ல வனவிலங்கு அறக்கட்டளைக்காரங்க மொராரி பாபுன்னு அந்த ஊரு ஜனங்க மதிக்கற கதாகாலட்சேபப் பெரியவர கூப்ட்டு வந்தாங்க. அவரு சொன்னது ஒண்ணுதான், இது பிரசவத்துக்கு தாய் வூட்டுக்கு வர்ற நம்ம பொண்ணு, பொண்ண யாராச்சும் வெட்டுவாங்களான்னு. கொக்கி போட்ட அதே கைங்க வலைய அறுத்து வுட ஆரம்பிச்சிது. அறுத்த வலைக்கி வனத்துறை நஷ்டஈடு குடுக்குது. மகாராஷ்டிராவுலயும் 2018லேர்ந்து ஆமைய வுட வலைய அறுத்தா காசு உண்டு.

பாப்பா தண்டையார்பேட்டை, நீ பாத்த ஆமையும் முட்டை வுட வந்த பொண்ணுதான, அது என்ன வேற கதையா?

தண்டையார்பேட்டைக்காரி:

பத்து நாளு ஆச்சு, அப்றம் என்ன நடந்துச்சின்னு சொல்ல வந்தேன். அய்யா எழுதுனத எங்கம்மாகிட்ட படிச்சி காமிச்சேன். அவங்கதான் என்ன கூட்டிகினு போனாங்க. விடிகாலை மூணு மணி, ஏலம் நடக்கறப்ப. ஆயாவோட பழைய சிநேகிதி ஒருத்தவங்க இன்னும் நண்டு விக்கறாங்க, அவங்க ஒக்கார பலகை குடுத்தாங்க. நான் ஆமை செத்த ஃபோட்டோவ காட்டல. புள்ளத்தாச்சியா வர்றவ மயங்கி வுழுந்தா தண்ணி தெளிச்சி எழுப்புவோமா மாட்டமான்னு அம்மா கேட்டாங்க, அவ்ளோதான், அந்த நண்டு அம்மா எழுந்து போயி லாஞ்சு தம்பியோட டிரைவர கைய புடிச்சி இட்டாந்துட்டாங்க. அவரு முழுசா கேட்டாரு. செத்துச்சின்னு நெனச்சி போட்டதெல்லாம் உயிரோட இருந்துச்சாமான்னு ரெண்டு தடவ கேட்டாரு. அப்றம் ரொம்ப நேரம் பேசல. கால்நடை தங்கச்சி எழுதுன மொறைய பெருசா பிரிண்டு எடுத்து லேமினேட் பண்ணி வீல் ரூமுல ஒட்டிகினாரு, இன்னும் ஆறு வேணும்னு கேட்டாரு.

ஃபைபர் போட்டுக்காரங்கதான் ஒத்துக்கல. திருக்க வலைல மாட்டுனா பிரிக்க முடியாது, அறுக்கணும், அறுத்தா யாரு துட்டு தருவான்னு ஒரு பெரியவரு கோவமா கேட்டாரு. சரியான கேள்விதான். அதனால எங்க குரூப்ல சீட்டு மாதிரி மாசம் ஆளுக்கு 200 போட ஆரம்பிச்சிருக்கோம், வலை பின்றவரு கூலியும் நூலும் நாங்க குடுக்கறதுன்னு. பெயிண்டுக்கு வசூல் பண்ண காசுதான் மொதல்ல உள்ள போச்சி, நேரடி நடவடிக்கை தம்பியே எடுத்து குடுத்தான்.

நேத்து சாயங்காலம் அந்த கோவக்காரப் பெரியவரு வூட்டாண்ட வந்து ஒரு துண்டுச் சீட்டு குடுத்தாரு. நூல் ஒரு கிலோ, கூலி ஒரு நாளு, மொத்தம் 1450. எதுக்குன்னு அவரும் சொல்லல நானும் கேக்கல, டீ குடிச்சிட்டு போயிட்டாரு. இப்ப கையிருப்பு 1100தான் இருக்கு, சனிக்கெழமக்குள்ள மீதி 350 யாராச்சும் போடுங்க. தங்கச்சி, லேமினேட் பண்ண ஆறையும் நாளைக்கி மூணு மணிக்கி ஏலம் நடக்கற எடத்துக்கு எடுத்துகினு வந்துடு, ஐஸ் உடைக்கற மிஷின் பக்கத்துல நிக்கறேன்.